"இல்லை" என்று எழுதுவதற்கு முன்

கொழும்பு 7 இல் கலை ஆவணக் காப்பகம் ஒன்றில் உசாத்துணை அலுவலராகப் பணியாற்றுகிறேன் என்று சொன்னால், வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில் இருப்பவர்கள் நான் ஓவியங்களுக்குக் காவல் இருப்பதாக எண்ணிக்கொள்கிறார்கள். ஓவியங்கள் எங்களிடம் மிகச் சிலவே உள்ளன. இறாக்கைகளில் இருப்பவை ஓவியங்களைச் சுற்றிச் சேர்ந்த கடதாசிகள்: கண்காட்சி அழைப்பிதழ்கள், விலைப்பட்டியல்கள், ஓவியர்கள் ஒருவருக்கொருவர் எழுதிய கடிதங்கள், பத்திரிகை நறுக்குகள் ஒட்டிய கொப்பிகள், நிழற்படங்கள், வர்ண ஸ்லைட்டுகள், சட்டகம் போட்டவர் கொடுத்த பற்றுச்சீட்டுகள். எந்தப் பெட்டியில் எது இருக்கக்கூடும் என்று சொல்வதும், அதைப் பார்க்கும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும் என்று சுட்டுவதும், வெளியூரிலிருந்து வரும் கடிதங்களுக்குப் பதில் எழுதுவதும் என் வேலை.

இந்த வேலையில் நான் அதிகம் எழுதும் பதில் "எங்களிடம் இல்லை" என்பதாகும். எழுதுவதற்கு மிகவும் கடினமான பதிலும் அதுவே. ஓர் ஆவணம் எங்களிடம் இல்லையென்றால், அப்படியொன்று உருவாகவே இல்லாதிருக்கலாம். உருவாகியும் எவரும் பேணாமல் போயிருக்கலாம். பேணப்பட்டு வேறோர் இடத்தில் இருக்கலாம். எங்கள் பெட்டிக்குள்ளேயே கிடந்தும் பட்டியலில் பெயர் ஏறாமல் இருக்கலாம். கேட்பவருக்கு இவை நான்கும் ஒன்றாகவே ஒலிக்கும். ஒரு மாணவி தன் ஆய்வேட்டில் "இக்காலத்தில் கொழும்பில் தமிழ் ஓவியர்களின் கண்காட்சிகள் நடைபெற்றதாகத் தெரியவில்லை" என்று எழுதுவாள். அடிக்குறிப்பில் எங்கள் காப்பகத்தின் பெயர் இருக்கும். எங்கள் பட்டியலில் உள்ள ஓட்டை அந்த வரியின் மூலம் வரலாற்று உண்மையாகிவிடும். ஆகவே, எந்த "இல்லை" என்று தெரியாத இடத்தில் அந்தச் சொல்லைத் தனியாக எழுதுவதில்லை என்பதை எனக்கு நானே விதியாக வைத்திருக்கிறேன்.

கேள்விகள் பலவகை. க.பொ.த. உயர்தரத்தில் சித்திரம் பயிலும் மாணவர்களுக்குப் பாடத்திட்டத்தில் உள்ள ஓவியரின் வாழ்க்கைக் குறிப்பும் நல்ல படம் ஒன்றும் போதும்; அவர்களை அதிக நேரம் இருத்தி வைப்பதில் பயனில்லை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களிலிருந்து வருபவர்கள் பெட்டி இலக்கத்தையே குறித்துக்கொண்டு வருவார்கள். கூடிய நேரம் எடுப்பவர்கள் ஓவியங்களை வைத்திருப்பவர்கள். ஏலங்களில் ஜோர்ஜ் கீற்றின் ஓவியங்களுக்கு விலை ஏறியதிலிருந்து இத்தகைய கடிதங்கள் கூடியுள்ளன. "கீற் பற்றிய எல்லாவற்றையும் பார்க்க விரும்புகிறேன்" என்று ஒருவர் எழுதுவார். அப்படி எல்லாவற்றையும் பார்க்க விரும்புகிறவர் உண்மையில் எவரும் இல்லை. இரண்டு மூன்று கடிதங்களில், அவருடைய வரவேற்பறையில் ஓர் ஓவியம் தொங்குகிறது, அது கீற்றின் கையால் ஆனதா என்று அறிய விரும்புகிறார், அறிந்தபின் விற்க விரும்புகிறார் என்பது தெளிவாகும்.

அந்த ஓவியம் அசலா போலியா என்பதைக் காப்பகம் சொல்வதில்லை, விலையும் மதிப்பிடுவதில்லை. இதைக் கேட்டதும் பலர் முகம் சுளிப்பார்கள், பொறுப்பைத் தட்டிக்கழிக்கிறோம் என்று நினைப்பார்கள். காரணம் வேறு. ஓர் ஆண்டின் கண்காட்சிப் பட்டியலில் "இரு பெண்கள்" என்ற தலைப்பில் ஓர் ஓவியம் இருந்தது என்பதை எங்கள் கடதாசி நிறுவும். அந்தத் தலைப்புக்குரிய ஓவியம் இவர் வீட்டுச் சுவரில் இருப்பதுதான் என்பதை அது நிறுவாது. பழைய பட்டியல்கள் பலவற்றில் விலை அச்சிடப்பட்டிருக்கும், அளவு இருக்காது. 1901 இல் பிறந்து 1993 வரை வாழ்ந்து, கடைசி ஆண்டுகள் வரையில் வரைந்துகொண்டிருந்த ஒருவர் ஒரே தலைப்பை எத்தனை முறையும் பயன்படுத்தியிருக்கக் கூடும். ஆகவே நான் அவரிடம் முதலில் கேட்பது ஓவியத்தின் பின்புறத்தின் நிழற்படம். முன்புறத்தில் கையொப்பத்தைப் போலியாக இடுபவர், பின்புறத்தில் ஐம்பது ஆண்டுகளுக்கு முந்திய கண்காட்சிச் சீட்டையும், சட்டகக் கடையின் முத்திரையையும், துருப்பிடித்த ஆணிகளையும், முன்னைய உரிமையாளரின் பழைய விலாசத்தையும் ஒன்றோடொன்று முரணாமல் உருவாக்குவது கடினம். அந்தச் சீட்டில் உள்ள இலக்கத்தை எங்கள் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அதற்கு மேல் தீர்ப்புச் சொல்வது அவரும் நிபுணர்களும் செய்யவேண்டிய காரியம்.

கொழும்பின் நவீன ஓவியத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்குப் பதில் சொல்வது ஒப்பீட்டளவில் எளிது. 1943 ஆகஸ்டில் நிழற்படக் கலைஞர் லயனல் வென்ட்டின் வீட்டில் கூடிய 43 குழு என்ற ஓவியர் குழுவைப் பற்றி, அதாவது வென்ட், கீற், ஹரி பீரிஸ், ஐவன் பீரிஸ், ஜஸ்ரின் தெரணியகல, ஜோர்ஜ் கிளாசன், ஓப்றி கொலெற், றிச்சட் கேப்ரியல், மஞ்சுஸ்ரீ முதலியோரைப் பற்றி, எழுத்தில் நிறைய உண்டு. அவர்கள் வாழ்ந்த இடங்களும் கைமாறிச் சிதறவில்லை. ஹரி பீரிஸ் 1974 இல் சப்புமல் மன்றத்தை நிறுவி, பார்ன்ஸ் பிளேசில் உள்ள தன் வீட்டையும் சேகரிப்பையும் அதற்கு வழங்கினார். 1988 இல் அவர் இறந்த பின்னரும் ஓவியங்கள் அதே சுவர்களில் இருக்கின்றன. வென்ட்டின் வீடு இருந்த இடத்தில் 1953 இல் அவர் பெயரிலான அரங்கு திறக்கப்பட்டது. கீற்றின் சுவரோவியங்களைப் பற்றிக் கேட்பவரை, எங்கள் பெட்டியைத் திறப்பதற்கு முன், பொரளை கோதமி விகாரைக்குப் போய் 1939, 1940 ஆம் ஆண்டுகளில் அவர் தீட்டியவற்றை நேரில் பார்த்துவிட்டு வரும்படி அனுப்பிவிடுகிறேன். பேருந்தில் போய் வரக்கூடிய தூரத்தில் இருப்பதை ஸ்லைட்டில் பார்ப்பானேன்?

அதே குழுவின் தொடக்ககால உறுப்பினர் பெயர்களிடையே எஸ். ஆர். கனகசபை என்ற பெயரும் வருகிறது. யாழ்ப்பாணத்தில் சித்திரக் கல்வியில் ஒரு தலைமுறையை உருவாக்கியவர். தலைமைச் சித்திரப் பரிசோதகராக இலங்கையில் கடமையாற்றிய சி. எப். வின்சரின் பெயரால் அங்கு ஓவியக் கழகம் அமைத்தவர். அவரைப் பற்றி ஒருவர் கேட்டால், எடுத்துக் கொடுக்கக்கூடிய கடதாசி கீற்றின் பெட்டிகளோடு ஒப்பிட முடியாத அளவுக்குச் சிறியது. ஏன் என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் அவர் சிறிய ஓவியர், ஆகவே கடதாசியும் குறைவு என்று வாசகர் கருதிவிடுவார். கடதாசி தங்குவதற்கு வீடு தங்கவேண்டும். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடும் சுவடிகளோடும் எரிந்தது. 1983 இல் கொழும்பில் தமிழர் வீடுகள் எரிந்தபோது அலுமாரிகளில் இருந்த அல்பங்களும் கொப்பிகளும் சேர்ந்து எரிந்தன. 1995 இல் யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்கள் போரினால் இடம்பெயர்ந்து செம்மணி வழியாகவும் நாவற்குழி வழியாகவும் நடந்தபோது, கையில் எடுக்கக்கூடியதற்குள் ஓவியச் சுருளுக்கு இடம் கிடைத்திருந்தால் அதிசயம். யாழ்ப்பாணத்துச் சித்திர ஆசிரியர் மாற்கு மாஸ்டரிடம் படித்தவர்களுடன் பேசும்போது, அவருடைய ஓவியங்களைவிட அவற்றைப் பற்றிய ஞாபகங்களே என் குறிப்புப் புத்தகத்தில் அதிகம் சேர்கின்றன.

இன்னுமொரு காரணம் அவ்வளவு துயரமானதன்று, ஆனால் அதே அளவு வேலை செய்கிறது. எங்களிடம் உள்ள நறுக்குக் கொப்பிகள் பெரும்பாலும் ஓவியர்களோ அவர்களுடைய குடும்பத்தவரோ ஒட்டியவை. அவர்கள் வாசித்தவை ஆங்கிலப் பத்திரிகைகள். தமிழ்ப் பத்திரிகையில் வந்த விமர்சனத்தை வெட்டி ஒட்ட அந்த வீடுகளில் எவரும் இருக்கவில்லை. 1930 இல் தொடங்கிய வீரகேசரியிலும் 1932 இல் தொடங்கிய தினகரனிலும் கண்காட்சிச் செய்திகள் வந்துள்ளன. அவற்றைத் தேட விரும்புபவரைத் தேசிய சுவடிகள் திணைக்களத்தின் வாசிகசாலைக்கு அனுப்பவேண்டும். நாளும் மாதமும் தெரியாமல் போனால் பெருந்தொகுதிகளைப் பக்கம் பக்கமாகப் புரட்டவேண்டியிருக்கும் என்பதையும் முன்கூட்டியே சொல்லவேண்டும். நூலகம் நிறுவனத்தின் இணையத்தளத்தில் உள்ள பழைய சஞ்சிகைகளும் கல்லூரி மலர்களும் இந்த வகைத் தேடலில் எங்கள் பெட்டிகளைவிடப் பலமுறை உதவியிருக்கின்றன. ஒரு பாடசாலை மலரின் கடைசிப் பக்கத்தில் சித்திர ஆசிரியரின் இடமாற்றம் பற்றி வரும் இரண்டு வரிகள் ஒரு முழு வாழ்க்கை வரலாற்றின் எலும்புக்கூட்டைத் தந்துவிடும்.

ஒரு நாள் கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு பெரியவர் தொலைபேசியில் அழைத்தார். "பிள்ளை, எங்கட சித்திர மாஸ்டர் ஒருக்கா கொழும்பில படக்காட்சி வச்சவர். அதின்ர புத்தகம் உங்களிட்ட இருக்குமோ?" ஆண்டு தெரியுமா என்று கேட்டேன். "ஐம்பத்தெட்டுக்கு முந்தி" என்றார். கொழும்புத் தமிழர்களிடையே வளர்ந்தவர்களுக்கு இது சரியான திகதி. ஐம்பத்தெட்டு, எழுபத்தேழு, எண்பத்து மூன்று ஆகிய கலவர ஆண்டுகளைக்கொண்டே எங்கள் பெரியவர்கள் திருமணங்களையும் வீடு மாறியதையும் நினைவு வைத்திருக்கிறார்கள். பட்டியலில் அந்த ஆசிரியரின் பெயர் இல்லை. பெயரை ஆங்கிலத்தில் எழுதக்கூடிய வடிவங்கள் எல்லாவற்றிலும், தந்தையின் பெயரை முன்னாலும் பின்னாலும் வைத்தும், முதலெழுத்துகளை மட்டும் கொண்டும் தேடினேன். பெயர்களையும் விலாசங்களையும் திரட்டித் தந்த பெர்குசன் டிரெக்டரியின் அக்காலத் தொகுதிகளில் பாடசாலை ஊடாகப் பார்த்தேன். இறுதியில் வேறோர் ஓவியரின் நறுக்குக் கொப்பியில், அவரைப் பற்றிய நீண்ட விமர்சனத்தின் அடியில், அதே வாரத்தில் நடந்த வேறு கண்காட்சிகளைச் சொல்லும் ஒற்றை வரியில் அந்த ஆசிரியர் இருந்தார். பெயரின் நடு எழுத்தொன்று தவறாக அச்சாகியிருந்தது. கண்காட்சிப் புத்தகம் கிடைக்கவில்லை. ஆனால் கண்காட்சி நடந்தது, அது 1956 இல் நடந்தது என்பவை இப்போது எங்கள் பட்டியலில் உள்ளன. அடுத்து அந்தப் பெயரைத் தேடுபவர் வெறுங்கையோடு போகமாட்டார்.

திகதி இல்லாத கடதாசிக்குத் திகதி கண்டுபிடிப்பது இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அழைப்பிதழ் அச்சடிப்பவர்களுக்கு நாளும் மாதமும் நேரமும் தேவை. எந்த ஆண்டு என்பது அழைக்கப்படுபவருக்குத் தெரியும் என்பதால் அதை விட்டுவிடுவார்கள். "நவம்பர் 9, செவ்வாய்க்கிழமை, மாலை 5.30" என்றிருந்தால், எந்தெந்த ஆண்டுகளில் அந்தத் திகதி செவ்வாயில் விழுந்தது என்று முதலில் பார்க்கிறேன். நாட்டின் பெயர் சிலோன் என்றிருந்தால் பெரும்பாலும் 1972 மே மாதத்துக்கு முந்தியது. ஆனால் பழைய கடிதத் தாள்களைத் தீரும்வரை பயன்படுத்திய சங்கங்கள் உண்டு. வீதிப் பெயர்கள் அதைவிட நன்றாக உதவும். கிறீன் பாத் இன்று ஆனந்த குமாரசாமி மாவத்தை, டார்லி வீதி இன்று ரி. பி. ஜாயா மாவத்தை, ரீட் அவெனியூ இன்று பிலிப் குணவர்தன மாவத்தை, டரட் வீதி இன்று தர்மபால மாவத்தை. தொலைபேசி இலக்கம் ஐந்து இலக்கமா, ஆறா, ஏழா என்பது இன்னொரு துப்பு. அடியில் சிற்றெழுத்தில் இருக்கும் அச்சகத்தின் பெயரையும் விலாசத்தையும் வாசகர்கள் கவனிப்பதே இல்லை. நான் அதிலிருந்துதான் தொடங்குவேன். இவற்றில் எதுவும் தனியே நின்று சாட்சி சொல்லாது. மூன்று ஒத்து வந்தால் பென்சிலால் "ஏறத்தாழ" என்று எழுதி ஓர் ஆண்டைக் குறிப்போம், அதற்குரிய காரணத்தையும் பக்கத்தில் எழுதுவோம். காரணம் எழுதாமல் முன்னோர் குறித்துவைத்த ஆண்டுகள் பல எங்கள் பெட்டிகளில் இருக்கின்றன. அவற்றை நம்பவும் முடியவில்லை, அழிக்கவும் மனமில்லை.

படங்களைப் பிரசுரிக்க அனுமதி கேட்டு வரும் கடிதங்கள் தனிவகை. வென்ட்டின் நிழற்படம் ஒன்றை நெகட்டிவிலிருந்து புதிதாகப் பிரதி எடுத்துத் தரமுடியுமா என்று கேட்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். 1944 இல் அவர் இறந்தபின் அவருடைய நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டன. அவர் தன் கையால் இருட்டறையில் உருவாக்கிய பிரதிகளே எஞ்சின. இது உறுதியாகச் சொல்லக்கூடிய "இல்லை" என்பதால் ஒருவகையில் நிம்மதியான பதில். பதிப்புரிமை அப்படியன்று. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, படைப்பாளியின் வாழ்நாளும் அதன்பின் 70 ஆண்டுகளும் உரிமை நீடிக்கும். ஓவியத்தை விலைக்கு வாங்கியவருக்கு அந்த உரிமை தானாகச் சேர்வதில்லை என்பதை, வாங்கியவர்களுக்கு விளக்குவது மிகவும் சங்கடமான காரியம். எங்களுக்கும் அதே நிலைதான்: பெட்டி எங்களுடையது, அதற்குள் இருக்கும் கடிதத்தின் வாசகம் எழுதியவருடைய வாரிசுகளுடையது. வாரிசுகள் மெல்பேர்னிலோ ரொறன்ரோவிலோ இருப்பார்கள். அவர்களைக் கண்டுபிடிப்பது பல சமயங்களில் ஆவணத்தைக் கண்டுபிடிப்பதைவிட நீண்ட வேலை.

கொழும்பின் காற்று எங்களுக்குப் பகை. கடலுக்கு இவ்வளவு அருகில், ஆண்டு முழுவதும் ஈரம் நிறைந்த காற்றில், ஊசிக் கம்பிகள் துருவேறிக் கடதாசியில் கறை பதிக்கின்றன, ஸ்லைட்டுகளில் பூஞ்சணம் படர்கிறது, வெள்ளிப்பூச்சி பசையைத் தேடி வருகிறது. 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றபோது ஈரம் உறிஞ்சும் இயந்திரங்களும் நின்றன. நிழற்படப் பெட்டிகளைத் திறக்காமல் வைத்திருப்பதைத் தவிர அப்போது வேறு வழி இருக்கவில்லை. பெரியவர்கள் அஞ்சும் கறையானைவிட நான் அஞ்சுவது பெக்ஸ் (தொலைநகல்) தாள். தொண்ணூறுகளில் ஓவியர்களும் வெளிநாட்டுக் கலைக்கூடங்களும் பெக்ஸில்தான் பேசிக்கொண்டார்கள். அந்த வெப்பத்தாளில் எழுத்துகள் தாமாகவே மறைந்துகொண்டிருக்கின்றன. ஒரு கோவையில் பெக்ஸ் கண்டால், வாசகர் காத்திருந்தாலும், முதலில் பிரதி எடுத்துவிட்டுத்தான் கொடுப்பேன்.

நிகழ்காலத்தின் நிலை இன்னும் மோசம் என்பது என் அபிப்பிராயம். இன்று கொழும்பில் நடக்கும் கண்காட்சிகளுக்கு அழைப்பு வட்ஸ்அப்பில் வருகிறது, பேஸ்புக்கில் வருகிறது, கண்காட்சி முடிந்ததும் போய்விடுகிறது. 2022 இல் காலிமுகத்திடலில் போராட்டக்காரர்கள் தங்கியிருந்த மாதங்களில் உருவான சுவரொட்டிகளையும் பதாகைகளையும் கேட்டு இப்போதே ஆய்வாளர்கள் வருகிறார்கள். கைத்தொலைபேசிப் படங்கள் ஆயிரக்கணக்கில் கிடைக்கும். எடுத்தவர் யார், எந்த நாள், அந்தப் பதாகையை வரைந்தவர் யார் என்பவை அவற்றோடு வருவதில்லை. 1956 ஆம் ஆண்டின் ஒற்றை வரிச் செய்தியில் இருந்த அளவு விவரம்கூட அவற்றில் இல்லை என்று நான் சொன்னால், இளம் சக ஊழியர்கள் மிகைப்படுத்துவதாகச் சிரிக்கிறார்கள்.

பதில் கடிதங்களில் நான் பின்பற்றும் முறையைக் கேட்டு சிலர் எழுதியிருந்தார்கள். எந்தெந்தத் தொகுப்புகளை, எந்தப் பெயர் வடிவங்களில், எந்த ஆண்டு வரையில் பார்த்தேன் என்று எழுதுகிறேன். இன்னும் பட்டியலிடப்படாத பெட்டிகள் உள்ளன என்றால் அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். அடுத்து எங்கு கேட்கலாம் என்று ஒன்றிரண்டு இடங்களைச் சொல்கிறேன். அந்தக் கடிதத்தின் பிரதி ஒன்று எங்கள் கோவையில் சேரும். நான் ஓய்வுபெற்ற பின் இந்த மேசையில் அமர்பவர் அதே தேடலை ஆரம்பத்திலிருந்து செய்யத் தேவையில்லை.

உங்கள் வீட்டில் ஓவியர் ஒருவரின், சித்திர ஆசிரியர் ஒருவரின் கடதாசிகள் இருந்தால், அவற்றைத் தரம் பிரித்து அடுக்கவேண்டாம். இருந்த ஒழுங்கிலேயே விடுங்கள், ஏனெனில் எதற்குப் பக்கத்தில் எது இருந்தது என்பதும் ஒரு தகவல். செலோட்டேப் ஒட்டவேண்டாம், லமினேட் செய்யவே வேண்டாம். நிழற்படங்களின் பின்புறத்தில், ஓரமாக, மெல்லிய பென்சிலால், படத்தில் இருப்பவர்களின் பெயரைத் தெரிந்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே எழுதிவிடுங்கள். "ஐம்பத்தெட்டுக்கு முந்தி" என்று எழுதினாலும் போதும். காப்பகத்துக்குக் கொடுத்துவிட மனமில்லாதவர்களிடமிருந்து இரவலாகப் பெற்று, ஸ்கான் செய்தபின் திருப்பிக் கொடுப்போம். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனைப் பக்கம் என்றால் சனிக்கிழமைகளில் நானே வந்து எடுத்துச் செல்வேன்.